குல்மார்க் போகும் குழுவினர் தலைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டாம். கட்டிலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் நெருங்கியதும் காஷ்மீர் பனிச்சறுக்கு பற்றிய கட்டுரைகளும் விளம்பரங்களும் தமிழ் நாளிதழ்களில் வரிசையாக வருகின்றன. படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நான்கு நாள் முறையாகப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போனால் எங்கே தங்குவது, அதற்கு எவ்வளவு ஆகும் என்ற விவரம்தான் எதிலும் கிடைப்பதில்லை. விமான டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துக் குறைக்கலாம். ஸ்கீ என்னும் சறுக்கு மட்டை, பூட்ஸ் இவற்றின் வாடகையும் பயிற்சியாளர் சம்பளமும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு குழுவின் செலவு இன்னொரு குழுவின் செலவைப் போல இரண்டு மடங்கு ஆவது அறை வாடகையில்தான். எனவே இந்தக் கடிதம் முழுக்க அறையைப் பற்றியது.

முதலில், 'ஒருவருக்கு இவ்வளவு, 4 இரவு 5 பகல்' என்று வரும் தொகுப்புச் சுற்றுலாக்கள். இவை காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க்கைப் பார்த்துவிட்டு வருவதற்கானவை. கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்குப் பயன்படாது. நிகழ்ச்சி நிரலைப் படித்தால் பெரும்பாலும் ஸ்ரீநகரில் இரண்டு மூன்று இரவும் பஹல்காமில் ஓர் இரவும் இருக்கும். குல்மார்க்குக்கு ஒரு பகலோ, மிஞ்சினால் ஓர் இரவோதான். 'பனிச்சறுக்கு உண்டு' என்ற வரிக்குப் பொருள், மலைமேல் ஏற்றும் கம்பிவடக் கூண்டான கோண்டோலா அருகே ஒரு மணி நேரம் ஸ்கீயைக் காலில் மாட்டி நிற்க வைப்பது. சறுக்கிக்கொண்டே வேகத்தைக் குறைக்கவும், நினைத்த இடத்தில் நிற்கவும், இரு பக்கமும் திரும்பவும் புதியவர் ஒருவருக்குக் குறைந்தது நான்கு பகல் தேவை. நான்கு பகலும் காலை பத்து மணிக்குப் பனியில் நிற்க வேண்டுமானால் அறையை நாமே பார்த்துப் பிடிப்பதுதான் வழி.

குழுவின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே வாடகை பாதி முடிவாகிவிடுகிறது. 12 பேர் என்பது நல்ல எண். மூவர் தங்கும் அறை நான்கு. பெட்டி சாமான்களோடு ஆறு பேர் ஏறும் சுமோ அல்லது பொலேரோ இரண்டு. ஆறு பேருக்கு ஒருவர் என்று பயிற்சியாளர் இரண்டு பேர். எங்கும் காலி இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 13 பேர் ஆனதும் ஐந்தாவது அறை, மூன்றாவது வண்டி. 10 பேர் ஆனாலும் அறை நான்குதான், ஆனால் பங்கு ஏறிவிடும். ஆகவே பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே அவரவர் கட்டிலுக்கான முழு வாடகையை வாங்கி வைத்துவிட வேண்டும். தமக்குப் பதில் இன்னொருவரைத் தந்தால் மட்டுமே திருப்பித் தரப்படும் என்று சொல்லிவிடவும் வேண்டும். கடுமையாகத் தோன்றலாம். கடைசி வாரத்தில் இருவர் விலகி, மீதிப் பத்துப் பேர் தலையில் அந்த வாடகை விழுந்து, நட்பே கசந்துபோவதைவிட இது நல்லது.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: குல்மார்க்கிலேயே தங்குவதா, கீழே தங்மார்க்கில் தங்குவதா? ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர் தங்மார்க்கிலிருந்து செங்குத்தாக ஏறும் மலைப்பாதை. பனி விழுந்துவிட்டால் ஸ்ரீநகர் வண்டி தங்மார்க்கோடு நின்றுவிடும். அங்கிருந்து டயரில் சங்கிலி மாட்டிய, நான்கு சக்கரமும் இழுக்கும் உள்ளூர் வண்டியில்தான் மேலே போக வேண்டும். குல்மார்க்கில் புதுக் கட்டடங்களுக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால் அறைகள் குறைவு, வாடகை அதிகம். தங்மார்க்கில் கெஸ்ட் ஹவுஸ்கள் மலிவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான்; நீங்கள் கேட்டு வாங்கும் தொகையை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே மூவர் அறை 6,000 ரூபாய் என்றால் நான்கு அறைக்கு ஓர் இரவு 24,000, தலைக்கு 2,000. கீழே அதே அறை 2,500 என்றால் நான்குக்கு 10,000, தலைக்கு 833. இரவுக்கு 14,000 மிச்சம் போலத் தெரியும். ஆனால் தினமும் இரண்டு வண்டி ஏறி இறங்க வேண்டும். வண்டிக்கு 3,000 என்றால் 6,000 போய்விட்டது. உண்மையான மிச்சம் 8,000, தலைக்கு 667 ரூபாய். அந்த 667 ரூபாய்க்காக, பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை கிடைக்கும் பனி நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சாலையில் கழியும். இரவில் பனி கொட்டினால் காலையில் இயந்திரம் வந்து வழியைத் தோண்டும் வரை தங்மார்க்கில் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் வழி திறக்கவில்லை என்றால் அன்றைய பயிற்சியாளர் சம்பளமும் சாதன வாடகையும் வீண். நான்கு நாளில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு நாளில் கரைந்துவிடும்.

எனவே முழுக்க மேலேயும் வேண்டாம், முழுக்கக் கீழேயும் வேண்டாம். மதிய விமானத்தில் ஸ்ரீநகர் இறங்கும் குழு தங்மார்க் வந்து சேரவே இருட்டிவிடும். அந்த முதல் இரவுக்கு மேலே போய்த் தூங்குவதற்கு மட்டும் குல்மார்க் வாடகை கொடுப்பது வீண்செலவு. தங்மார்க்கில் படுத்து, காலை எட்டு மணிக்கு ஏறி, அன்றே பயிற்சியைத் தொடங்கலாம். மேலே ஏறும் அந்த வண்டிச் செலவு எப்படியும் உண்டு, கூடுதல் செலவில்லை. அடுத்த மூன்று இரவு குல்மார்க். நான்காம் நாள் மாலை நேராக ஸ்ரீநகர். நான்கு பகல் பனிச்சறுக்குக்கு மூன்று இரவு வாடகைதான் மேலே.

மேலே அறை தேடும்போது 'கோண்டோலாவுக்கு ஐந்து நிமிடம்' என்ற விளம்பரத்தை நம்பிவிடக் கூடாது. அது கோடையில் காரில் ஐந்து நிமிடம். முழங்கால் பனியில், கணுக்கால் மடங்காத ஸ்கீ பூட்ஸோடு, மட்டைகளைத் தோளில் சுமந்து நடந்தால் அரை மணி ஆகும். அதைவிட முக்கியமான விஷயம், புதியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் கோண்டோலாவே தேவையில்லை. குல்மார்க் ஒரு கிண்ணம் போன்ற புல்வெளி. அதன் ஓரச் சரிவுகளில்தான் அடிப்படைப் பயிற்சி நடக்கும். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கும் திறந்த சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிப்ரவரி மாதத்தில், கோண்டோலா ஏறும் அபர்வத் மலைப்பக்கம் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே பயிற்சிச் சரிவுக்கு அருகில் அறை எடுங்கள். கோண்டோலா வாசலில் இருப்பதாகச் சொல்லிக் கூடுதல் வாடகை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அறையின் சூடு. தென்னாட்டிலிருந்து போகிறவர்கள் கேட்க மறப்பது இதைத்தான். வாடகையில் சூடு அடங்கும் என்று நினைத்துக்கொள்வோம். பல இடங்களில் அது தனிக் கணக்கு. 'புகாரி' என்று அங்கே சொல்லும் தகர விறகடுப்பு என்றால் ஒரு கூடை விறகுக்கு இவ்வளவு. எண்ணெய் ஹீட்டர் என்றால் இரவுக்கு இவ்வளவு. மின்சாரப் போர்வை இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். மின்சாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பனி கொட்டினால் கம்பி அறுந்து மணிக்கணக்கில் மின்தடை வரும். ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும் இடங்களே அதிகம். ஆகவே எழுத்தில் கேட்க வேண்டியது: ஒவ்வோர் அறையிலும் புகாரி உண்டா, பொதுக்கூடத்தில் மட்டுமா? விறகு வாடகையில் சேர்த்தியா? ஜெனரேட்டர் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை? தரைக்கு அடியில் தீ மூட்டிக் கல்தளத்தைச் சூடாக்கும் ஹமாம் அறை இருந்தால், குழுவாகப் படுக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை; செலவும் குறைவு.

மூவர் அறையில் மூன்றாவது கட்டில் என்பது பெரும்பாலும் தரையில் விரிக்கும் மெத்தைதான். தரைதான் அறையிலேயே குளிர்ந்த இடம். மூன்று உண்மையான கட்டில்களா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கேஸ் ஹீட்டரையோ கரி போட்ட காங்கிரி என்ற கைத்தணல் சட்டியையோ மூடிய அறையில் வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் வாடகை வீட்டில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கேயே வாழ்கிறவர்களுக்கே அப்படி. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவைதான் இதன் முதல் அறிகுறிகள். 2,650 மீட்டர் உயரத்தில் முதல் நாள் தலைவலி வருவது சகஜம் என்பதால், உயரத்தின் கோளாறு என்று போர்த்திப் படுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்து தலைவலி வந்தால் கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வர வேண்டும். குழாய் வழியாகப் புகை வெளியேறும் புகாரி மட்டும் போதும். அதுவும் குழாயின் இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்த்து, சன்னலை விரல் அளவாவது திறந்து வைக்க வேண்டும். பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அறைக்கு ஒன்று எடுத்துப் போவது நல்லது. பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் பெரிய தொகை இல்லை.

தண்ணீர்க் குழாய் உறைவது வாடிக்கை. இரவில் குழாயை மெல்லிய நூலாக ஓட விட்டு, வாளிகளை நிரப்பி வைத்துக்கொண்டால் காலையில் சமாளிக்கலாம். வெந்நீர் எந்த நேரம், எத்தனை வாளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பூட்ஸையும் கையுறையையும் காயவைக்க இடம் உண்டா என்பதும் அறையைப் போலவே முக்கியம். ஈர பூட்ஸை மறுநாள் காலை மாட்டினால் அரை மணியில் கால் மரத்துவிடும். பூட்ஸின் உட்பஞ்சுப் பகுதியைத் தனியே உருவி, புகாரியிலிருந்து கைநீளம் தள்ளி வைக்க வேண்டும். நெருக்கி வைத்தால் உருகிச் சுருங்கும். கடைக்காரர் அதற்கும் பணம் கேட்பார்.

எப்போது போவது? கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வாடகை உச்சம். அந்த நாட்களைத் தவிர்த்தாலே பெரிய மிச்சம். நம்மவர்களுக்கு வசதி பொங்கல் விடுமுறை. அது டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாள் நீளும் சில்லை கலான் என்ற கடுங்குளிர்க் காலத்தின் நடுவில் விழுகிறது. குழாய் உறைவது, மின்தடை, விமான ரத்து மூன்றும் அப்போதுதான் அதிகம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, வார நாட்களாகப் பார்த்துப் போவதே சிறந்தது. குளிர் தணிந்திருக்கும், பகல் நீண்டிருக்கும், புதியவர்களுக்குத் தேவையான பனியும் பெரும்பாலும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கும் வாரத்தில் குல்மார்க்கில் அறை கிடைப்பது அரிது. தேதியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா போட்டிகளே தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. ஆகவே முன்பணம் 25, 30 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம். சாலை அடைப்பு, விமான ரத்து, பயிற்சிச் சரிவில் பனியின்மை ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் பணம் திருப்பித் தரப்படுமா, அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தரப்படுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பல உரிமையாளர்கள் பணத்தைத் திருப்ப மாட்டார்கள். தேதி மாற்றத்துக்கு ஒப்புவார்கள். அதுவே போதும்.

பணம் கட்டும் முன் அந்த ஓட்டல் ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பாமல், ஓட்டல் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். உண்மையான ஓட்டலின் படங்களைப் போட்டு நடத்தும் போலித் தளங்கள் இருக்கின்றன. வரியும் கவனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875 ஆகும். 8,000 ரூபாய் அறையோ 9,440. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் 1,565 ஆகிவிடுகிறது. காலை, இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே தொகையாகப் பில் போட்டால் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடும் என்பதால், எப்படிப் பில் தருவார்கள் என்று முன்பே கேளுங்கள். சாப்பாட்டை ஓட்டலிலேயே பேசிக்கொள்வது நல்லதுதான். மேலே கடைகள் குறைவு, இரவில் பனியில் வெளியே போய்ச் சாப்பிடுவதும் நடவாது.

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே இயங்கும். குழுவின் பணத்தை வைத்திருப்பவர் ப்ரீபெய்டுக்காரர் என்றால் ஓட்டல் வாசலில் ஓடிபி வராமல் நிற்பார். குறைந்தது இரண்டு பேரிடம் போஸ்ட்பெய்டும், கையில் ஓரளவு ரொக்கமும் இருக்க வேண்டும். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர் யாரேனும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு சேர்ந்துகொண்டால் முன்கூட்டியே ஓட்டலுக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தங்கும் விவரத்தை ஓட்டல் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். சில சிறு கெஸ்ட் ஹவுஸ்கள் அந்த வேலைக்கு அஞ்சி ஏற்க மறுக்கும்.

கடைசி இரவைக் குல்மார்க்கில் வைத்து, மறுநாள் காலை விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். இரவு பனி விழுந்தால் 13 கிலோமீட்டரில் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனைகள் பல. மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். குளிர்காலத்தில் ஸ்ரீநகர் கெஸ்ட் ஹவுஸ்களும் படகு வீடுகளும் வாடகை குறைத்துத் தருவதால் அந்த இரவுக்குச் செலவு அதிகமில்லை. நேரம் இருப்பவர்கள் ரயிலையும் எண்ணிப் பார்க்கலாம்: சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகிறது, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. பனியில் விமானம் ரத்தாகும் நாட்களில் இந்த ரயில் பெரிய ஆறுதல்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்கிற இளைஞர் குழுக்களுக்கு அரசுப் பயிற்சி வகுப்புகளே சரியான வழி. உத்தராகண்டின் ஔலியில், அம்மாநில அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் 7 நாள், 14 நாள் வகுப்புகளில் தங்குமிடம், சாப்பாடு, சாதனம், பயிற்சி எல்லாம் சேர்ந்தே கட்டணம். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் வகுப்பு நடத்துகின்றன. கட்டணத்தில் எவை அடங்கும் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இடங்கள் குறைவு, வயது வரம்பும் மருத்துவச் சான்றும் உண்டு. ஔலிக்குத் தனியாகப் போகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். கீழே உள்ள ஜோஷிமட் ஊரில் மலிவாகத் தங்கி ரோப்கார் ஏறிப் போகலாம் என்ற பழைய யோசனை இப்போது செல்லாது. ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்த 2023 ஜனவரியிலிருந்து அந்த ரோப்கார் நிறுத்தப்பட்டது. சாலை வழிதான். தங்மார்க் கணக்கை அங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். குளிர்காலச் சுற்றுலாப் பக்கங்களை டிசம்பரில் வெளியிடாமல் அக்டோபர் முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள். நல்ல, மலிவான அறைகள் நவம்பருக்குள் போய்விடுகின்றன. டிசம்பரில் படிப்பவருக்கு மிஞ்சுவது விலை கூடியவைதான். விளம்பரம் தரும் சுற்றுலா நிறுவனங்களிடம் குல்மார்க்கில் எத்தனை இரவு, அறைக்கு எத்தனை கட்டில், சூட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் விளம்பரத்திலேயே அச்சிடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்